கறிக்கா, வளர்ப்புக்கா?

திண்டுக்கல் – திருச்சி சாலையில் இருக்கும் அய்யலூரில், வியாழக்கிழமை என்றால் பொழுது விடியும் முன்பே சந்தை களைகட்டிவிடும். ஆடும் நாட்டுக்கோழியும்தான் அங்கே முக்கியம். கோழி வாங்கப் போகிறவர்களுக்குப் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு: ''கறிக்கா, வளர்ப்புக்கா?''

இந்தக் கேள்வியை ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொள்ளும் கூட்டம் ஒன்று திண்டுக்கல்லில் இருக்கிறது. கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்ப்பவர்கள்தான் அவர்கள். கிளிக்கு இருப்பதுபோல வளைந்த குட்டை அலகு, தரையைத் தொடும் வால் என்று அழகுக்காகவே வளர்க்கப்படும் சேவல் இது. கண்காட்சிகளில் லட்ச ரூபாய் வரை விலை பேசப்படுகிறது. அந்த விலை எடைக்காகக் கிடைப்பதல்ல. அப்பன் எது, தாய் எது, எந்த லைன் என்ற விவரத்துக்குத்தான் அவ்வளவு மதிப்பு. நல்ல சேவலை யாரும் குழம்புக்குக் கொடுப்பதில்லை.

இதே மாவட்டத்தில், தோட்டத்து வீடுகளில் வான்கோழிகளும் வளர்கின்றன. அவற்றை மட்டும் எடை போட்டுத்தான் விற்கிறோம். கிறிஸ்துமஸ் நெருங்கினால் முதலில் விலைபோவது எது? இருப்பதிலேயே பெரிய, திடமான சேவல். மிஞ்சுவது நோஞ்சான். அடுத்த வருஷக் குஞ்சுகளுக்கு அப்பன் அதுதான்!

வான்கோழிப் பிரியர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

எடை ஏறியது, இனம் குறைந்தது

வான்கோழியின் பூர்வீகம் வட அமெரிக்கா. மெக்சிகோ பக்கத்தில் வீட்டுப் பறவையாக்கப்பட்டு, ஐரோப்பியர்கள் மூலம் உலகம் சுற்றியது. அமெரிக்காவில் இறைச்சிக்காக நெஞ்சு அகன்ற வெள்ளை ரகத்தை உருவாக்கினார்கள். சதை ஏறியது. ஆனால், அந்தச் சேவலால் இயற்கையாக இணைசேரவே முடியாமல் போனது. இன்றைக்குப் பண்ணைகளில் செயற்கைக் கருவூட்டல்தான்.

பண்ணைகள் எல்லாம் அந்த ஒரே ரகத்துக்கு மாற, வெண்கலம், நாரகான்செட், போர்பன் ரெட் போன்ற பழைய ரகங்கள் ஓரங்கட்டப்பட்டன. 1997-ல் கணக்கெடுத்தபோது, எல்லாப் பழைய ரகங்களையும் சேர்த்தே இனப்பெருக்கத்துக்கான பறவைகள் 1,500-க்கும் குறைவாகத்தான் இருந்தன. பிறகு பாரம்பர்ய ரகங்களின் ருசியைச் சொல்லி, அதற்கு நல்ல விலை கொடுக்கும் வாடிக்கையாளர்களைப் பிடித்தார்கள். சிறு பண்ணைக்காரர்கள் மறுபடி வளர்க்க ஆரம்பித்தார்கள். எண்ணிக்கையும் ஏறியது. ஆக, சாப்பிடுவதால் இனம் அழிவதில்லை. தாயையும் தகப்பனையும் சேர்த்துச் சாப்பிட்டால்தான் அழிகிறது.

நம்ம ஊர் கறுப்பு

நம்மிடம் இருக்கும் நாட்டு ரகம் கறுப்பு வான்கோழி. அமெரிக்க அரசின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி மையம் உருவாக்கிய சிறிய வெள்ளை ரகத்தோடு இந்தக் கறுப்பைச் சேர்த்து உருவாக்கியதுதான், தமிழ்நாட்டின் 'நந்தனம் வான்கோழி-1'. நம் வெயிலுக்குத் தாங்குகிற கலப்பு இது. கலப்பு ரகம் தப்பில்லை. ஆனால், அடுத்த கலப்பை உருவாக்கவும் சுத்தமான கறுப்பு எங்காவது இருந்தாக வேண்டுமே!

சிறு தோட்டக்காரர்களுக்கு நாட்டு ரகத்தில் இன்னொரு லாபம் உண்டு. தானே இணைசேரும், தானே அடைகாக்கும். ஒரு பெட்டை 10 முதல் 15 முட்டைகள் வரை அடைகாத்துப் பொரிக்கும். இன்குபேட்டர் தேவையில்லை, கரன்ட் போனாலும் கவலையில்லை. பொரிக்க 28 நாள்கள் ஆகும். நாட்டுக்கோழிக் கணக்கில் 21 நாள் பார்த்துவிட்டு, முட்டை கூமுட்டை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நான்கு விஷயங்கள் போதும்

ஒன்று, கணக்கு. ஐந்து பெட்டைக்கு ஒரு சேவல். வளர்ப்புக்கு என்று முடிவு செய்த பறவையின் காலில் கலர் வளையம் மாட்டுங்கள். எந்தப் பெட்டையின் குஞ்சு எது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டு, சொந்தத்துக்குள்ளேயே சேர விடாதீர்கள். தொடர்ந்து அப்படி நடந்தால் முட்டை பொரிப்பது குறையும், குஞ்சுகள் நலியும். தூரத்து ஊரில் இதே ரகம் வளர்ப்பவரோடு சேவலை மாற்றிக்கொள்ளலாம். புதிதாக வரும் பறவையைச் சில வாரங்கள் தனியாக வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மூன்று, குஞ்சு. வான்கோழிக் குஞ்சுக்குத் தீவனமும் தண்ணீரும் எங்கே இருக்கின்றன என்று பழக்கிவிட வேண்டும். இல்லையென்றால் பக்கத்திலேயே தீனி இருந்தும் பட்டினியில் செத்துப்போகும். முதல் 15 நாள்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லி பால், 10 குஞ்சுகளுக்கு ஒரு அவித்த முட்டை என்று கொடுக்கச் சொல்கிறார்கள் கால்நடை நிபுணர்கள்.

நான்கு, நாட்டுக்கோழியோடு சேர்த்து விடாதீர்கள். நம் தோட்டங்களில் சாதாரணமாக நடப்பது இது. கருந்தலை நோயின் கிருமி, கோழியின் குடற்புழு முட்டை வழியாக மண்ணில் தங்குகிறது. அதைச் சுமக்கும் கோழி தெம்பாகவே திரியும், வான்கோழிதான் சாகும். அதனால், கோழி மேய்ந்த இடத்தில்கூட வான்கோழி வேண்டாம். குடற்புழு நீக்கம், தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் திண்டுக்கல்லிலேயே இருக்கிறது.

எல்லாப் பறவையையும் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. தீவனச் செலவுக்குக் கறி விற்றுத்தான் ஆக வேண்டும். விற்கலாம். ஆனால், வியாபாரி வாசலுக்கு வந்த பிறகு யோசித்தால், அவர் கை போவது உங்களிடம் இருப்பதிலேயே நல்ல சேவலின் மீதுதான். டிசம்பருக்கு முன்பே வளையம் மாட்டிவிடுங்கள். எவ்வளவு விலை சொன்னாலும், அந்தப் பறவைக்கு ஒரே பதில்: ''இது வளர்ப்புக்குங்க!''