யார் பொறுக்கிய இரும்பு?

பாலைவனத்து மணலில் பழைய விண்கப்பல்கள் உடைந்து கிடக்கின்றன. வண்டிகள் போகின்றன, இரும்பை அள்ளி வருகின்றன. தாய்வண்டியில் கொண்டுவந்து கொட்டியதும் கவசம் தடிக்கிறது, பீரங்கியின் வீச்சு நீள்கிறது. கனடாவின் வான்கூவர் நகரத்து பிளாக்பேர்ட் இன்டராக்டிவ் கம்பெனி தயாரித்து, 2016 ஜனவரியில் கடைக்கு வந்த கணினி விளையாட்டு இது. பெயர், ‘ஹோம்வேர்ல்ட்: டெசர்ட்ஸ் ஆஃப் கரக்’. போர்த்தந்திர விளையாட்டு என்று புகழ்கிறார்கள்.

கெட்டிக்காரத்தனமான வேலைதான், மறுக்கவில்லை. மேட்டைப் பிடிப்பதா, பள்ளத்தில் பதுங்குவதா என்று மூளைக்கு நல்ல வேலை இருக்கிறது. நம் கேள்வி வேறு. அந்த இரும்பைப் பொறுக்குகிறவன் யார்?

அவனுக்குக் கூலியில்லை. பசியில்லை. முகமே இல்லை! பொறுக்கும் வண்டி ஒன்று எதிரியின் குண்டில் சிதறினால் ஆட்டக்காரர் என்ன செய்கிறார்? இருப்பைப் பார்க்கிறார், இன்னொரு வண்டிக்கு உத்தரவு போடுகிறார். தீர்ந்தது கதை! இழவு வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. நஷ்டஈடு கேட்டு வாசலில் எவளும் பிள்ளையோடு நிற்பதில்லை. எந்த முதலாளிக்கும் இதைவிட இனிய கனவு உண்டா?

“ஐயா, இது வெறும் விளையாட்டு” என்பார்கள். இருக்கட்டும். இதற்கு முன்பு வைத்திருந்த பெயர் தெரியுமா? ‘ஹார்ட்வேர்: ஷிப்பிரேக்கர்ஸ்’. அதாவது, கப்பல் உடைப்போர்! தொழிலாளியின் பெயரை எடுத்துக்கொண்டார்கள், தொழிலாளியை விட்டுவிட்டார்கள்.

விளையாட்டு வெளிவந்த அதே 2016-ல், நவம்பர் 1-ம் தேதி, பாகிஸ்தானின் கடானி கடற்கரையில் உடைப்புக்கு வந்த எண்ணெய்க் கப்பல் ஒன்று வெடித்தது. 26 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். குஜராத்தின் அலங்கிலும் வங்கதேசத்தின் சிட்டகாங்கிலும் இதே தொழில்தான். கடல் ஏற்றத்தில் கப்பலைக் கரையில் ஏற்றி, காஸ் கட்டரால் துண்டு போடுகிறார்கள். தொட்டிக்குள் தங்கிய எண்ணெய் ஆவிக்கு ஒரு பொறி போதும். கல்நார்த் தூசு அவசரப்படாது. ஆண்டுக்கணக்கில் நுரையீரலைத் தின்னும். இதை ஒழுங்குபடுத்த 2009-ல் ஹாங்காங்கில் ஒரு சர்வதேச ஒப்பந்தம் செய்தார்கள். அமலுக்கு வந்தது எப்போது? 2025 ஜூன் 26-ல்! பதினாறு ஆண்டுகள்! கரையில் ஏற்றி உடைப்பதை அதுவும் தடை செய்யவில்லை.

இதையெல்லாம் விளையாட்டில் காட்ட முடியாது என்ற சாக்கும் செல்லாது. அதே கம்பெனியே 2022-ல் ‘ஹார்ட்ஸ்பேஸ்: ஷிப்பிரேக்கர்’ என்ற விளையாட்டை முழுமையாக வெளியிட்டது. அதில் ஆட்டக்காரரே விண்கப்பல் உடைக்கும் தொழிலாளி. வேலைக்குச் சேரும் நாளிலேயே தலையில் நூறு கோடிக்கு மேல் கடன். கருவிக்கு வாடகை, படுக்கும் இடத்துக்கு வாடகை, மூச்சு விடும் ஆக்சிஜனுக்கும் விலை! செத்தால் கம்பெனி அவனைப் போலவே ஒரு நகலைச் செய்து, அந்தச் செலவையும் கடனில் எழுதுகிறது. கொத்தடிமைச் சீட்டு என்றால் இதுதானே! தொழிலாளர்கள் சங்கம் சேரும் கதையும் அதில் உண்டு. விறுவிறுப்பு குறைந்தா போயிற்று?

ஆகவே, இனி இரும்பு பொறுக்கும் விளையாட்டுச் செய்கிறவர்கள் அந்த வண்டிக்குள் முகமுள்ள ஓர் ஆளை உட்கார வைக்கட்டும். கவசத்துக்கும் பீரங்கிக்கும் கணக்கு எழுதும் பலகையில் அவன் கூலிக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும்.