சமரசம் பேசும் ஆண்களும் ஒரு தந்தையும்

ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சமரசம் பேசுவதை நல்லதொரு மரபாகவே நாம் கருதி வந்துள்ளோம். மஸ்கெலியா போன்ற தோட்டப்புறங்களில் பொலிஸ் நிலையத்துக்கு முன்னர் தோட்டத் தலைவரை நாடுவதும், முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் முறையிடுவதும் நமக்குப் புதியவை அல்ல. ஆனால், பாதிக்கப்பட்டவள் ஒரு சிறுமியாக இருக்கும்போது அச்சமரசம் யாரைக் காப்பாற்றுகின்றது? இக்கேள்வியையே 'டூ கில் எ டைகர்' என்ற ஆவணப்படம் எழுப்புகின்றது.

இந்திய வம்சாவளிக் கனேடியரான நிஷா பஹூஜா இயக்கி 2022 இல் வெளிவந்த இப்படம், 2024 இல் ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஆண்மை பற்றிய மனப்பாங்கை மாற்றுவதற்கு ஆண்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சியொன்றைப் பதிவு செய்யவே அவர் முதலில் ஜார்க்கண்ட் மாநிலத்துக்குச் சென்றிருந்தார். அப்பயிற்சியில் சேர்ந்திருந்த ஏழை விவசாயி ஒருவரின் 13 வயது மகள், 2017 இல் உறவினர் திருமணமொன்றின் இரவில் மூவரால் வன்புணர்வுக்குள்ளாக்கப்பட்டாள். படத்தின் போக்கே மாறிற்று.

ஊரார் முன்வைத்த தீர்வு, அம்மூவரில் ஒருவனுக்கே அவளை மணம் முடித்துக் கொடுப்பதாகும். மறுத்தபோது மிரட்டல் வந்தது. படக்குழுவினரும் அதற்குத் தப்பவில்லை. ஊர் மானம் பேசிய இவர்கள் கொடியவர்களாகத் தோன்றவில்லை. நாம் அன்றாடம் வணக்கமும் ஸலாமும் சொல்லிச் செல்லும் மனிதர்களைப் போன்றே இருக்கின்றனர். அவர்களுடன் பெண்களும் நின்றனர் என்பதை மறைப்பதற்கில்லை.

தந்தையோ வீரவசனம் பேசுபவரல்லர். நமது திரைப்படத் தந்தையென்றால் இந்நேரம் அரிவாளைத் தூக்கியிருப்பார். இவர் கடன்படுகின்றார், அஞ்சுகின்றார், தளர்கின்றார். ஆயினும் மகளின் சொல்லை நம்பி வழக்கைக் கைவிடாதிருக்கின்றார். குற்றவாளிகள் மூவருக்கும் 25 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மலையகத்தில் இதன் கனதி வேறு. கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள். மேற்பார்வை செய்யும் கங்காணிமார் பெரும்பாலும் ஆண்கள். 1984 இல் ஆண், பெண் சம்பளம் சமமாக்கப்பட்ட பின்னரும், மனைவியின் சம்பளத்தைக் கணவன் கையேற்கும் வழக்கம் நீடித்தது. லயன்களில் முறையிடுபவளின் காம்பராவுக்கும் முறையிடப்பட்டவனின் காம்பராவுக்கும் இடையே ஒரு சுவர்தான் இருக்கக்கூடும். அங்கே 'பேசித் தீர்த்துக்கொள்' என்பது பல வேளைகளில் 'வாயை மூடிக்கொள்' என்பதாகவே முடிகின்றது. 1995 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தமோ, 16 வயதுக்குட்பட்ட சிறுமியின் சம்மதத்தையே ஏற்பதில்லை. அவ்வாறிருக்க, தலைவர்மாரின் சம்மதம் எவ்வாறு செல்லும்?

தீர்ப்புக் கூறும் ஆசனத்தில் ஆண்கள் மாத்திரமே அமர்வது தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ஆண்களையே காதியாக நியமிக்க இடமளித்தது. சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2009 இல் நியமிக்கப்பட்டு, 2018 ஜனவரியிலேயே அறிக்கையைக் கையளித்தது. ஒன்பது ஆண்டுகள்!

தொழிற்சங்கங்கள் தமது தோட்டத் தலைவர்மாருக்கு இப்படத்தைத் தமிழ் விளக்கத்துடன் காண்பிக்க வேண்டும் என்பது நமது வேண்டுகோள். இரண்டு மணித்தியாலங்களே செல்லும். முகத்தை மறைக்காமலே படம் வெளிவரட்டும் என்று முடிவெடுத்தவள், அப்போது 18 வயதை எட்டியிருந்த அந்த மகள்தான் என்பதையும் அவர்களுக்குச் சொல்லலாம்.