ஒட்டிக் கொடுப்பது யார்?

மாலையில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வருகிறது: நாளைக்குச் சூரியக் குடும்ப மாதிரி வேண்டும். அம்மா தெர்மாகோல் வாங்க ஓடுகிறார். அப்பா கைப்பேசியில் படம் தேடுகிறார். பக்கத்துக் கடையில் வண்ண அச்சு தயாராகிறது. பிள்ளை தூங்கிய பிறகு பிள்ளையின் ‘புராஜெக்ட்’ முடிகிறது. மறுநாள் அதற்கு மதிப்பெண். அன்றாடக் கூலியில் வாழும் வீட்டுப் பிள்ளை அன்று வெறுங்கையோடு வகுப்பில் நிற்கிறது. தொடக்கக் கல்வியில் இதை இனியும் அனுமதிக்கலாகாது.

1, 2ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. வாசலில் தடுக்கப்பட்ட வீட்டுப்பாடம் செயல்திட்டம் என்ற பெயரில் கொல்லை வழியாக வந்துகொண்டிருக்கிறது. கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அதே கைப்பேசியில் இருப்பதால், பெற்றோரின் உழைப்புகூட இனி தேவைப்படாது.

செயல்திட்ட முறையைப் பற்றி அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918இல் எழுதியபோது, பிள்ளை தானே விரும்பி, பிறரோடு சேர்ந்து செய்யும் வேலையையே அப்படி அழைத்தார். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் பிள்ளையின் கைதான் வேலை செய்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் ஆசிரியரின் கண்ணெதிரே அட்டைகளை எடுத்துத் தங்கள் வேகத்தில் படித்தார்கள். வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கியதும் படிக்கும்போதே பிள்ளையைக் கவனிப்பதற்காகத்தான். முடிந்த மாதிரியைப் பார்த்து மதிப்பெண் போட்டால் பிள்ளை எங்கே தடுமாறியது என்று யாருக்குத் தெரியும்?

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வது அநியாயம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், வகுப்புகளோ ஐந்து. இதற்கிடையே கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவேற்ற வேண்டிய விவரங்கள் வேறு. ஆனால் செயல்திட்டம் உண்மையில் உயிர்பெறும் இடமும் இந்த ஈராசிரியர் பள்ளிதான். வளாகத்தில் ஒரு கீரைப்பாத்தி போதும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முளைத்த செடிகளை எண்ணும், மூன்றாம் வகுப்பு அளவுகோலால் உயரம் அளக்கும், ஐந்தாம் வகுப்பு அதை வரைபடமாக்கும். ஆசிரியர் தன் கையடக்கக் கணினியில் தினமும் ஒரு படம் எடுத்து வைத்து, வார இறுதியில் திறன்மிகு வகுப்பறைத் திரையில் வரிசையாகக் காட்டினால், வளர்ச்சி என்பது பிள்ளையின் கண்ணுக்கே தெரியும். வகுப்பறைப் பாடத்தோடு கணினி கலக்க வேண்டிய விதம் இதுதான். அரசு தொடக்கப் பள்ளிகளில் 22,000க்கும் அதிகமான திறன்மிகு வகுப்பறைகளை அமைக்க அரசு முன்வந்தது வரவேற்கத்தக்கது. அந்தத் திரைகள் காணொலி ஓட்ட மட்டும் பயன்பட்டால் போட்ட பணம் வீண்.

ஐந்தாம் வகுப்பு வரை எந்தச் செயல்திட்டமும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். தனியார் பள்ளிகளையும் அது கட்டுப்படுத்த வேண்டும். பாடவேளையில் செயல்திட்டத்துக்கென நேரம் ஒதுக்கி, பதிவேற்றும் வேலையிலிருந்து ஆசிரியரை விடுவிக்க வேண்டும். செய்ததைப் பிள்ளை தன் வாயால் விளக்கிச் சொல்வதற்கே மதிப்பெண் தர வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த அறிவிப்பு வரும்போது கத்தரிக்கோலை நீங்கள் எடுக்காதீர்கள். பிள்ளை வரைந்த கோணல் வட்டத்தையே அப்படியே அனுப்புங்கள்.