ஆறு நாட்களும் அக்காலத்துச் செவிகளும்

 

கலவை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என நம் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் கிறிஸ்தவ மாணவர்களோடு ஒரே வகுப்பில் பயில்கின்றனர். அங்கே சில வேளை ஏளனமாய் ஒரு கேள்வி எழுவதுண்டு. “உங்கள் ஆதியாகமத்தில் முதல் நாள் ஒளி வந்ததாம், நான்காம் நாள்தான் சூரியன் வந்ததாம். இது பொருந்துமா?” கேட்டவர் வென்றதாக மகிழ்கிறார், கேட்கப்பட்டவர் மனம் நோகிறார். இப்படிக் கேட்பது நமக்குத் தகுமா?

ஒரு நூல் எவரிடம் முதலில் பேசியதோ, அவர்தம் செவிகொண்டே அதைக் கேட்டல் வேண்டும். பண்டைய நினிவே நகரில், அசூர்பானிபால் மன்னனின் நூலகச் சிதைவுகளில் கிடைத்த களிமண் ஏடுகளை ஆராய்ந்து, ஜார்ஜ் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர் 1876ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். பாபிலோனியரின் படைப்புக் கதை அதில் இருந்தது. மர்துக் என்ற தெய்வம் தியாமத் என்ற தெய்வத்தைக் கொன்று, அவளுடலைப் பிளந்து வானையும் மண்ணையும் அமைத்ததாம். தெய்வங்களின் வேலைப் பளுவைச் சுமக்கவே மனிதன் படைக்கப்பட்டானாம். அம்மக்கள் சூரியனை ஷமாஷ் என்றும், சந்திரனை சின் என்றும் பெயரிட்டு வணங்கினர்.

இனி ஆதியாகமத்தை நோக்குங்கள். அங்கே தெய்வங்களின் போர் இல்லை, படைப்பவன் ஒருவனே. சூரியனுக்கும் சந்திரனுக்கும் பெயர்கூடத் தரப்படவில்லை. பெரிய சுடர், சிறிய சுடர் என்பதோடு சரி. வணங்கப்பட்டவற்றை வெறும் விளக்குகளாக்கி, நான்காம் நாளுக்குத் தள்ளியதன் கருத்து இதுவே என்பர் ஆய்வாளர் பலர். மனிதனும் அங்கே தெய்வங்களின் கூலியாள் அல்லன். கண்ணியம் பெற்ற படைப்பு. சூரிய சந்திரருக்குச் சிரம் பணியாதீர் என்னும் திருக்குர்ஆனின் கட்டளையும் (41:37), மனிதனைப் பூமியின் கலீஃபாவாக்கிய செய்தியும் (2:30) உங்கள் நினைவுக்கு வரவில்லையா?

நம் நாட்டு முஸ்லிம் அறிஞர் ஒருவர் இவ்வழியில் முன்னரே நடந்திருக்கிறார். சர் சையித் அஹ்மத் கான் அவர்கள் பைபிளுக்கு ‘தப்யீனுல் கலாம்’ என்னும் விளக்கவுரை எழுதி, 1862இல் காஸிப்பூரில் முதற்பகுதியை அச்சிட்டார். ஆதியாகமத்தின் தொடக்க அதிகாரங்களுக்கும் உரை வரைந்தார். அவர் முடிவுகளை ஏற்காத ஆலிம்கள் உண்டு. ஆயினும், பிறர் வேதத்தைக் கற்றறிந்தே பேசவேண்டும் என்ற அவரது நேர்மையை எவர் மறுப்பார்?

வேறுபாட்டை மறைக்கவேண்டியதில்லை. ஏழாம் நாள் இறைவன் ஓய்ந்திருந்ததாக ஆதியாகமம் கூறும். எக்களைப்பும் தன்னைத் தீண்டவில்லை என்று அல்லாஹ் அறிவிக்கிறான் (50:38). இதை அமைதியாக எடுத்துரைக்கலாம்; எள்ளி நகையாட இடமில்லை.

நம் வேதம் கூறும் ஆறு நாட்களைப் பிறர் வினவினால், இறைவனிடத்து ஒரு நாள் நம் கணக்கில் ஆயிரம் ஆண்டு போன்றது (22:47) என்று காட்டி, பொருளறிந்து படிக்குமாறு வேண்டுகிறோம். நாம் வேண்டும் அந்த நியாயத்தைப் பிறருக்கும் அளிப்பதன்றோ நீதி! வேதக்காரர்களோடு அழகிய முறையிலன்றி வாதிடலாகாது என்ற இறைக்கட்டளையை (29:46) இன்றிரவு உணவு வேளையில் உங்கள் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். வஸ்ஸலாம்.