அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அலையலாமா?

கீழமாசி வீதியில் ஒரு லோடு பருப்புக்கு முன்பணம் அனுப்புவதென்றால் நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! சாம்பிள் பார்க்கிறோம், லாரி எண் கேட்கிறோம், புரோக்கரிடம் நாலு தரம் விசாரிக்கிறோம். அதே நாம், வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கவோ கடைக்கு அலமாரி போடவோ ஆள் வந்து நின்றால், கல்லாவைத் திறந்து எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். துண்டுச் சீட்டுகூட வாங்குவதில்லை. 'தெரிந்தவர்தானே' என்பதுதான் நமக்கு ரசீது.

நமக்கே நேர்ந்ததைச் சொல்கிறோம். மாடிக்குக் கதவும் அலமாரியும் செய்ய 60,000 ரூபாய் பேசி, மரம் வாங்க என்று ஆசாரி கேட்ட 40,000 ரூபாயை ஒரே தடவையில் கொடுத்தோம். ஆடி கழியட்டும் என்றார். ஆவணியில் உடம்பு சரியில்லை என்றார். ஐப்பசியில் போனை எடுக்கவில்லை. திருமங்கலம் பக்கம் அவர் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டு நேரில் போனபோதுதான் விஷயம் புரிந்தது. நமக்கு முன் பணம் கொடுத்தவரின் வேலையை நம்முடைய பணத்தில் முடித்துக்கொண்டிருந்தார். நம்முடைய வேலைக்கு, அடுத்து யாராவது அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்! தை மாதம் கதவு வந்தது. அவர் மோசக்காரர் அல்லர்; ரொட்டேஷனில் சிக்கியவர். வியாபாரிகளான நமக்கு அந்த நோய் தெரியாததா? ஆனால் சுழற்சி ஓரிடத்தில் நின்றால், கடைசியாகப் பணம் கொடுத்தவர் தலையில்தான் துண்டு விழும்.

நிற்க. தொழிலாளியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வேலை முடிந்த அன்று, 'மீதியை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? பத்தாயிரம் ரூபாய்க்குப் பத்து நடை நடக்கவிட்டு, கடைசியில் ஆயிரம் குறைத்துக் கொடுத்தவர்களும் உண்டு. மரக்கடையில் அவருக்குக் கடன் கிடைப்பதில்லை, கூலியாட்களுக்கு வாரக் கூலி கொடுத்தாக வேண்டும். பின்னால் வராது என்று தெரிந்தவர் முன்னாலேயே கூட்டிக் கேட்கத்தானே செய்வார்? நாம் கொடுக்கும் பெரிய அட்வான்ஸில் பாதி, நம்முடைய இழுத்தடிப்புக்கு நாமே கட்டும் வட்டி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே அட்வான்ஸே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மரம், டைல்ஸ், பெயிண்ட் ஆகியவற்றை ஆசாரியையோ மேஸ்திரியையோ கூட்டிக்கொண்டுபோய் நம் பெயரில் பில் போட்டு நாமே வாங்கிவிடலாம். பொருள் நம் வீட்டில் இறங்கிவிட்டால் பாதி பயம் தீர்ந்தது. கைக்குக் கொடுப்பது ஒரு வாரக் கூலி அளவுக்கு இருந்தால் போதும். மற்றதை வேலை ஏற ஏறக் கொடுக்கலாம். கடைசித் தவணையைக் கதவு பூட்டு விழுகிறதா என்று பார்த்துவிட்டு அன்றைக்கே, குறைக்காமல், தீர்த்துவிட வேண்டும்.

சட்டம் இதில் எவ்வளவு துணை வரும்? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, அதன் கீழ் வரும் அடுக்குமாடித் திட்டங்களில் கட்டுநர், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் வீட்டைச் சீரமைக்கும் வேலைக்கே அப்படி ஒரு வரம்பு உண்டு: மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அது. நம் ஊர் ஆசாரிக்கும் பெயிண்டருக்கும் அத்தகைய வரம்பு எதுவும் இல்லை. போலீஸ் நிலையத்துக்குப் போனாலும், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடி வழக்கு நிற்கும். வேலையை முடிக்கவில்லை என்பது மட்டும் போதாது.

நுகர்வோர் ஆணையம் உண்டு. வீடு கட்டித் தருவது ஒரு சேவையே என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. வேலைக்குப் பேசிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது; 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஆனால் நம் உறுப்பினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டு வேலைக்குத்தான் இந்த வழி நேராக இருக்கிறது. கடைக்குச் செய்த வேலை என்றால், வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். பிழைப்புக்காகத் தாமே நடத்தும் சிறு கடைக்காரருக்கு அதில் விலக்கு உண்டு. பெரிய மொத்த வியாபாரிக்கு அது கிடைப்பது கஷ்டம்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது கடிதாசு. என்ன வேலை, என்ன மரம், எத்தனை அடி, எந்தத் தேதி, கொடுத்தது எவ்வளவு என்று ஐந்தாறு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.