பாட்டுத் திருட்டும் வீட்டு வேவும்

பாடுகிறவனுக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி பாணர்க்கு வாரி வழங்கியே கடையெழு வள்ளல்களுள் ஒருவனானான். இன்று அவ்வள்ளலின் ஸ்தானத்தில் பொது ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் காசே பாடகனுக்கும் பாடலாசிரியனுக்கும் ஜீவனம். ஆகவே பாட்டைத் திருடி இன்டர்நெட்டில் பரப்புவோரைத் தண்டிப்பது நியாயமே. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு, அறிந்தே உரிமையை மீறுவோருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. சட்டத்தில் பலம் போதவில்லை என்று எவரும் சொல்வதற்கில்லை.

ஆனால் திருடனைப் பிடிக்கும் பொருட்டு வீட்டுக்கு வீடு ஒற்றனை உட்கார வைக்கலாமா? இதுவே கேள்வி.

2012-ல் ‘3’ என்னும் தமிழ்ப் படத்தின் தயாரிப்பாளர், பெயர் தெரியாத பிரதிவாதிகளுக்கு எதிராகச் சென்னை ஹைக்கோர்ட்டில் தடை உத்தரவு பெற்றார். அவ்வகை உத்தரவுகளைக் கொண்டு இன்டர்நெட் கம்பெனிகள் வீமியோ, பேஸ்ட்பின் முதலிய தளங்களை அடியோடு அடைத்தன. குற்றமற்றோரும் வாசலில் நிறுத்தப்பட்டனர். அப்படத்தின் ‘கொலவெறி’ப் பாட்டு உலகெங்கும் பரவியது அதே இன்டர்நெட்டின் தயவினால்தான்! குறிப்பிட்ட விலாசங்களை மட்டுமே தடுக்கலாமென ஜூன் மாதத்தில் கோர்ட்டே தெளிவுபடுத்த நேர்ந்தது.

வழியடைப்பைவிட வேவு கொடியது. பெல்ஜியத்தில் சபாம் என்னும் சங்கீத உரிமைச் சங்கம், வாடிக்கைக்காரர்களின் போக்குவரத்து முழுவதையும் சல்லடையிட்டுப் பார்க்கும்படி ஸ்கார்லெட் கம்பெனியைக் கட்டாயப்படுத்தக் கோரியது. 2011 நவம்பர் 24-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை மறுத்தது. நமது டில்லி ஹைக்கோர்ட்டும், சூப்பர் கேசட்ஸ் கம்பெனி மைஸ்பேஸ் மீது தொடுத்த வழக்கில், 2016 டிசம்பரில், தளம் நடத்துவோர் எல்லாவற்றையும் முன்கூட்டியே சோதிக்கும் கடமையுடையவரல்லர் என்று தீர்ப்பளித்தது.

வேவினால் கிடைக்கும் சாட்சியந்தான் எத்தகையது? ஓர் இணைப்பு எண்! அது ஆளைக் காட்டாது. கைபேசிக் கம்பெனிகள் ஒரே எண்ணைப் பல வாடிக்கைக்காரருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதுண்டு. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, ஒரு கடையின் இணைப்பைப் பத்துப் பேர் உபயோகித்தால், பதினோராவது ஆளான கடைக்காரன் கூண்டில் ஏறுவதா?

அன்னிய ஆட்சியில் தேசபக்தரின் கடிதங்களைத் தபாலாபீஸில் பிரித்துப் படித்தார்கள். ராஜாங்கத்தின் பாதுகாப்பு என்பது அன்று சொன்ன சாக்கு. இன்று வியாபாரத்தின் பாதுகாப்பு என்று அதே காரியத்தைச் செய்தால் நாம் பொறுப்பதா? 2017 ஆகஸ்டு 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஏகமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென்றனர். அதில் தலையிடச் சட்டம் வேண்டும். தக்க நோக்கம் வேண்டும். நோக்கத்துக்கு மிஞ்சாத அளவும் வேண்டும்.

எனவே நாம் வற்புறுத்துவது இதுவே: பாட்டையும் தளத்தையும் குறிப்பிட்டுப் புகார் வரட்டும், ஆளின் பெயரை நீதிபதியின் உத்தரவின்றிக் கம்பெனி கொடுக்கலாகாது, பாட்டுக்காகத் திரட்டிய விவரம் வேறெதற்கும் உபயோகப்படலாகாது. தேசத்தில் அரசியல் ஊழியம் செய்வோர் இதைச் சினிமாக்காரர் வழக்கென்று ஒதுக்கிவிட வேண்டாம். இன்று பாட்டைத் தேடும் சல்லடை, நாளை துண்டுப் பிரசுரத்தையும் தேடும்.