ஏட்டில் வந்தது வேதமா?

"விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டனர்!" - தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்கிறார். சுற்றியிருப்போர் தலையாட்டுகின்றனர். விஞ்ஞானி சொன்ன பிறகு வினா ஏது? ஏட்டில் வந்த பிறகு எதிர்ப்பு ஏது?

நாம் கேட்கிறோம்: எந்த ஏட்டில் வந்தது, தோழர்களே?

ஏடுகள் இருவகை. ஒன்று ஆராய்ச்சி ஏடு. ஆய்ந்தவர் தம் முறையையும் முடிவையும் எழுதி அனுப்புவார். துறை வல்லார் சிலர் படித்துக் குறை சொல்வர். தேறினால் அச்சேறும். அச்சேறியதாலேயே உண்மையென முத்திரை விழுந்துவிட்டதா? இல்லை! "இதோ என் கணக்கு, பிழையிருந்தால் காட்டுங்கள்" என்று மற்ற அறிஞர்களுக்கு விடும் அழைப்பு அது. மற்றொன்று செய்தி ஏடு. மக்களுக்காக எழுதப்படுவது, மக்கள் சார்பில் கேள்வி கேட்கவேண்டியது.

கேட்க வேண்டிய ஏடு கேளாதிருந்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தைப் பாருங்கள்.

1998 பிப்ரவரியில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் வேறு 12 பேரும் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் ஒரே ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்குமோ என்று ஐயம் கிளப்பினர். ஆராய்ந்த குழந்தைகள் எத்தனை பேர்? ஆயிரமா? நூறா? பன்னிரண்டே பன்னிரண்டு பேர்!

தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்று அக்கட்டுரையே ஒப்புக்கொண்டது. ஆனால் செய்தியாளர் கூட்டத்தில் வேக்ஃபீல்டு, மூன்றையும் தனித்தனியே போடுவதே நல்லது என்றார். ஏடுகள் பலவும் ஆண்டுக்கணக்கில் பறையறைந்தன. 'மெய்ப்பிக்கப்படவில்லை' என்பது மூலையில் ஒடுங்கிற்று. அச்சமோ கொட்டை எழுத்தில் கூத்தாடிற்று!

தாய்மார் அஞ்சினர். 2003-04இல் இங்கிலாந்தில் அந்த ஊசி போட்ட குழந்தைகள் நூற்றுக்கு 80 என்ற அளவுக்கு இறங்கிற்று. தட்டம்மை மீண்டும் நாட்டில் நிலைகொண்டுவிட்டது என்று 2008இல் சுகாதாரத் துறையினரே அறிவிக்க நேர்ந்தது.

பிழையைக் காட்டியவர் யார்? இரு சாராரும்தான். டென்மார்க் அறிஞர்கள் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து, தொடர்பு ஏதுமில்லை என 2002இல் வெளியிட்டனர். பிரயன் டீர் என்னும் செய்தியாளர் வேறொரு கேள்வி கேட்டார்: பணம் எங்கிருந்து வந்தது? ஊசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர் வழியே வந்தது என்று 2004இல் 'சண்டே டைம்ஸ்' ஏட்டில் அம்பலமாக்கினார். உடன் எழுதியோரில் 10 பேர் கட்டுரையின் விளக்கத்தைக் கைவிட்டனர். 2010இல் 'லான்செட்' அக்கட்டுரையையே திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மருத்துவர் பட்டியலிலிருந்து வேக்ஃபீல்டின் பெயர் நீக்கப்பட்டது. ஆம், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து!

அறிஞர் கணக்கைத் திருத்தினர். செய்தியாளர் காசு வந்த தடத்தைக் காட்டினார். இரண்டும் வெவ்வேறு வேலை, இரண்டும் வேண்டும். ஆய்வறிக்கையைத் தூக்கிச் செல்லும் பல்லக்குத் தூக்கி அல்ல செய்தியாளன்; மடக்கிக் கேட்கும் காவற்காரன்!

தோழனே, கூலியை எண்ணிப் பார்த்துத்தானே கையெழுத்திடுகிறாய்? ஏட்டில் வந்த அறிவியலையும் எண்ணிப் பார்! எத்தனை பேரிடம் ஆராய்ந்தார்கள்? பணம் யாருடையது? வேறெவரும் செய்து பார்த்தார்களா? விடை இருந்தால் ஏற்றுக்கொள். இல்லையேல் தலையாட்டாதே, கேள்!